மூளி எழுத்து

வைரக்கண்ணுவைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லித் தொடங்கலாம் என்று பார்த்தால், அந்த நாலு வார்த்தை வாயில் வருவதற்குள் ஆள் எழுந்து போய்விட்டிருப்பான். காலில் சக்கரம் கட்டிய பிறவி. அரும்பாவூரில் கோயில் வாகனம் செதுக்குகிற ஆசாரி வீட்டில் பிறந்தவன். உளியைக் கையில் கொடுத்துவிட்டால் மரம் அவன் சொன்னபடி கேட்கும். கேட்டு என்ன பிரயோசனம்? குதிரை வாகனத்துக்கு முகத்தை முடித்து, பிடரி மயிரை அலையலையாகக் கொண்டுவந்து, வயிற்றுப் பக்கம் திரும்பும்போது ஆளைக் காணோம். மீதியைப் பெரியப்பா மகன்கள் திட்டிக்கொண்டே முடிப்பார்கள். "முன்பக்கம் வைரக்கண்ணு, பின்பக்கம் நாங்க" என்பது அந்தப் பட்டறையில் சொல்லிச் சொல்லிப் பழகிப்போன பேச்சு.

பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் மூன்று மாதம் இருந்தான். கோயம்புத்தூரில் ஒரு மில்லில் இரண்டு மாதம். நாகப்பட்டினத்தில் தோணி கட்டுகிற இடத்தில் இருபத்திரண்டே நாள். எங்கேயும் அவன் வேலையில் குறை சொன்னவர் கிடையாது, யாரும் அவனைப் போகச் சொன்னதும் கிடையாது. அவனுக்கே இரண்டு மாதம் ஆனதும் நெஞ்சுக்குள் ஏதோ பிறாண்ட ஆரம்பித்துவிடும். சோறு இறங்காது. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றும், எழுந்தால் நடக்கத் தோன்றும். ஒரு நாள் காலையில் துண்டை உதறித் தோளில் போட்டால் போட்டதுதான். யாரிடமும் சொல்லமாட்டான். சொன்னால் கையைப் பிடித்து உட்காரவைத்துவிடுவார்களே என்ற பயம்.

இப்படிப்பட்டவனுக்கு இதற்கு நடுவில் கல்யாணமும் செய்து வைத்தார்கள். செய்து வைத்தவர்களைத்தான் நிற்கவைத்துக் கேட்க வேண்டும். கீழப்பழுவூரில் வண்டிச் சக்கரம் செய்கிற ஆசாரி வீட்டுப் பெண், உண்ணாமலை. அதிகம் பேசாதவள், ஆனால் எதையும் மறக்காதவள். கல்யாணம் ஆன இரண்டே வருஷத்தில் மூன்று தடவை காணாமல் போனான். மூன்றாம் தடவை போனபோது அவள் ஐந்து மாதம். பிரசவத்துக்குத் தாய்வீடு போனவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது, சிந்தாமணி என்று பெயர் வைத்தார்கள், காது குத்தினார்கள். எல்லாம் முடிந்து, தாரண வருஷம் சித்திரை பிறந்த அன்றைக்கு, அதாவது 1944இல், தாடியும் தகரப் பெட்டியுமாகக் கீழப்பழுவூரில் போய் நின்றான் தகப்பன்.

அவளுடைய அண்ணன் இளையபெருமாள் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூட வைரக்கண்ணுவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"வாங்க மாப்ள. குந்துங்க. மோர் குடிங்க" என்றான். குடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தான். "புள்ளயப் பாத்தாச்சில்ல? இப்ப நான் சொல்றதக் கேளுங்க. ஒரு வருசம். ஒரே ஊரு, ஒரே வேல. அடுத்த சித்திர பொறக்கிற வரைக்கும் அங்கயே இருந்தீங்கன்னா, நானே வண்டி கட்டித் தங்கச்சியையும் புள்ளையையும் கொண்டாந்து வுடுறேன். நடுவுல கெளம்பிட்டீங்க, அத்தோட சரி. எங்க புள்ளைங்கள நாங்க பாத்துக்கறோம். வருசம் முடியற வரைக்கும் இந்த வூட்டுப் பக்கம் வர வேண்டாம்."

வைரக்கண்ணு உண்ணாமலையைப் பார்த்தான். அடுக்களை வாசலில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். அவள் ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தான். திட்டினாலும் பரவாயில்லை. குழந்தை மட்டும் அவன் தாடியைப் பார்த்து உதட்டைப் பிதுக்கியது.

"சரி மச்சான்" என்று சொல்லிவிட்டு வந்தான். ஒரு வருஷமா? ஒரு குதிரைக்கு வால் வைக்கிற வரைக்கும் பொறுமை இல்லாதவன் ஒரு வருஷம் ஒரே இடத்தில் எப்படி இருப்பது என்று அவனுக்கே புரியவில்லை. ஆனால் இருந்தே ஆக வேண்டும். அந்தக் குழந்தையின் பிதுங்கிய உதடு அவனை விடவில்லை.

அரியலூர் கடைத்தெருவில் அங்கமுத்து என்பவர் ஓர் அச்சுக்கூடம் வைத்திருந்தார். காலால் மிதிக்கிற மிஷின் ஒன்று, எழுத்துப் பெட்டிகள் ஆறு, எழுத்துக் கோக்கப் பாவாடை என்று ஒரு கம்பாசிட்டர். அவ்வளவுதான் அச்சுக்கூடம். எழுத்துப் பெட்டியின் அறைகள் உடைந்து, 'க'வெல்லாம் 'ச'வோடு கலந்துவிட்டது என்று ஆசாரி தேடினார்கள். பெட்டியைச் செப்பனிடப் போனவன்தான் வைரக்கண்ணு. போன அன்றைக்கே அங்கே பூமாலை என்ற நாடகக் காண்டிராக்டர் வந்து, ஒரு பட்டணத்து நோட்டீசை மேஜைமேல் விரித்துப் போட்டுச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்.

"எனக்குத் தலைப்பு இப்படித்தான் வேணும் மொதலாளி. உங்க எழுத்தெல்லாம் போலீஸ்காரன் மாதிரி வெறப்பா நிக்கிது. இதப் பாருங்க, எப்படிச் சாஞ்சி ஒய்யாரமா வருது."

"சண்ட நடக்குதுய்யா ஒலகத்துல" என்றார் அங்கமுத்து. "ஈயத்தையெல்லாம் குண்டு செய்ய எடுத்துக்கிட்டான். புது எழுத்துக்கு நான் எங்க போவேன்? காயிதத்துக்கே கட்டுப்பாடு. இருக்கிற எழுத்துல அடிச்சிக்கிட்டுப் போவியா."

வைரக்கண்ணு எட்டிப் பார்த்தான். இறகுப் பேனாவால் எழுதியதுபோல் இருந்தது அந்தத் தலைப்பு. ஒவ்வொரு எழுத்தும் மயிரிழையாகத் தொடங்கி, வளைவில் பருத்து, மறுபடி மெலிந்து, நுனியில் ஒரு சுழிப்போடு முடிந்தது. எல்லாம் வலது பக்கம் சாய்ந்து, எங்கேயோ கிளம்பிப் போவதுபோல் இருந்தன. அவனுக்கு உடம்பு சிலிர்த்தது. பொய் சொல்லவில்லை, அந்த எழுத்துகளைப் பார்த்ததும் தன் ஜாதி என்று தோன்றிவிட்டது அவனுக்கு. ஒரு இடத்தில் நேராக நிற்கத் தெரியாத ஜாதி.

"மரத்துல வெட்டித் தரட்டுங்களா மொதலாளி?" என்று கேட்டான்.

முதல் எழுத்தை வெட்டிக் கொண்டுவந்தபோது பாவாடை மை தடவி அழுத்திப் பார்த்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அச்சுக்கு எழுத்தை வலமிடமாக மாற்றி வெட்ட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள். மாற்றித்தான் வெட்டினான். சாய்வை மட்டும் மாற்றாமல் விட்டுவிட்டான். காகிதத்தில் அந்த எழுத்து மல்லாக்க விழப் போகிறவன் மாதிரி பின்பக்கமாகச் சாய்ந்து நின்றது.

"என்ன ஆசாரி, கள்ளு குடிச்சிட்டு நிக்கிதா இது?" என்றான் பாவாடை.

வைரக்கண்ணுவும் சிரித்தான். அன்றைக்குப் பிடித்தது அவனுக்குப் பைத்தியம். இரண்டு மாதத்தில் எண்பத்தேழு கட்டைகள் வெட்டினான். கொம்பும் காலும் சுழியும் தனித்தனிக் கட்டை. அச்சுக்கூடத்தின் பின்கட்டிலேயே படுத்துக்கொண்டு, அங்கேயே கஞ்சி காய்ச்சிக் குடித்துக்கொண்டு வெட்டினான். நெஞ்சுக்குள் பிறாண்டலே இல்லை. ஆனி மாதம் அந்த எழுத்தில் முதல் நோட்டீஸ் வந்தது. ரோஸ் காகிதத்தில், கறுப்பு மையில், குறையே சொல்ல முடியாத தலைப்பு. அதை எடுத்துக்கொண்டு தெருவில் இப்படியும் அப்படியும் நடந்தான். எதிரே வந்தவர்களிடமெல்லாம் காட்டினான். அவன் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒன்றை வால் வரைக்கும் முடித்திருக்கிறான். இப்படியே போனால் சித்திரை தானாக வந்துவிடும் என்று நம்பினான்.

ஆடிக் காற்றில் வந்தது வினை. கட்டைகள் உடைய ஆரம்பித்தன.

வாகனம் செதுக்குகிறவன் தவிர வேறு எவனும் இந்தத் தப்பைச் செய்திருக்கமாட்டான். வாகனத்துக்கு எடுக்கிற மாவிலங்கை மரத்தையே எழுத்துக்கும் எடுத்திருந்தான். லேசான மரம், தூக்குகிறவர்களுக்குத் தோள் நோகாது, உளிக்கு வெண்ணெய் மாதிரி வளையும். ஆனால் எந்த ஊரிலும் சாமியின் குதிரையை மிஷினுக்குள் வைத்து ஆயிரம் தடவை நசுக்குவதில்லை. மயிரிழைக் கோடுகள் முதலில் போயின. மண்ணெண்ணெய் போட்டுத் துடைக்கத் துடைக்கப் பருத்த வளைவுகளில் கீறல் விழுந்தது. நோட்டீசில் எழுத்துக்குள்ளே வெள்ளை வெள்ளையாக வெடிப்பு தெரிந்தது. ஓரமெல்லாம் எலி கடித்ததுபோல் ஆகிவிட்டது. வைரக்கண்ணுவுக்கு அவமானம் தாங்கவில்லை.

"மொதலாளி, ஒரு மாசம் குடுங்க. புளியமரத்து வைரத்துல, குறுக்குவெட்டுல புதுசா வெட்டித் தந்துடறேன். இந்த மூளியெல்லாம் தூக்கி எறிஞ்சிடலாம்" என்று கெஞ்சினான்.

அங்கமுத்து சரி என்றுதான் சொன்னார். ஆனால் அந்த மூளி எழுத்தில் அடித்த நோட்டீஸ் அதற்குள் பூமாலை கைக்குப் போய்விட்டது. மறுநாள் அவர் ஓட்டமும் நடையுமாக வந்தார். வைரக்கண்ணு பின்கட்டில் ஒளிந்துகொண்டான்.

"எங்க அந்த ஆசாரி? கையில ஒரு காப்பு போடணும் அவனுக்கு" என்றார் பூமாலை. "ராசா காலத்துச் செப்பேட்ட மண்ணுலேருந்து தோண்டி எடுத்தாப்ல இருக்குய்யா தலைப்பு. நான் போடறதே ராசா நாடகம். ஜெயங்கொண்டத்துல சனம் நோட்டீச கிழிச்சி வூட்டுக்குக் கொண்டுட்டுப் போவுது. இனிமே எனக்கு எல்லாம் இந்த எழுத்துலதான்."

இதைக் கேட்டு உடையார்பாளையத்துப் பெரிய குடும்பம் ஒன்று கல்யாணப் பத்திரிகையே அதில் வேண்டும் என்று ஆள் அனுப்பியது. பழைய குடும்பம், பழைய எழுத்து, பொருத்தமாக இருக்குமாம். கல்யாணப் பத்திரிகையில் மூளி எழுத்தா என்று வைரக்கண்ணு தலையில் அடித்துக்கொண்டான். யார் காதில் விழப்போகிறது? அங்கமுத்து அவனைக் கூப்பிட்டு, இன்னும் முப்பது கட்டை வேண்டும் என்றார்.

"வெட்டறேன் மொதலாளி. நல்ல மரமாப் பாத்து..."

"அதே மரத்துல வெட்டு. வெட்டிட்டு, அதுங்க மாதிரியே ஒடைச்சிக் குடு."

வைரக்கண்ணுவுக்கு முதலில் விளங்கவில்லை. "ஒடைக்கறதுங்களா?"

"ஆமா. கீறல் வுடு. ஓரத்தக் கொஞ்சம் கடிச்சி எடு. பழசோட சேத்துக் கோத்தா வித்தியாசம் தெரியக்கூடாது."

"செஞ்ச கையாலயே மூளியாக்கச் சொல்றீங்களே மொதலாளி."

"சாமியாய்யா செய்யற? எழுத்துதான" என்று அங்கமுத்து சிரித்தார்.

அவர் கெட்டவர் இல்லை. அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான். வைரக்கண்ணு பிறந்த வீட்டில், வாகனத்தின் காது நுனி உடைந்தாலும் அன்றைக்குப் பட்டறையில் பேச்சு நின்றுபோகும். பின்னப்பட்ட உருவத்தைக் கும்பிடக் கூடாது. வைத்திருக்கக் கூடாது. குளத்திலோ ஆற்றிலோ கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டுத் தலை முழுகிவிட்டு வர வேண்டும். வைத்திருந்தால் வீட்டுக் குழந்தைகளுக்கு ஆகாது என்பார்கள். எழுத்து என்றால் சரஸ்வதி இல்லையா? அவனுக்கு அது சாமிதான்.

மாட்டேன் என்று துண்டை உதறிக்கொண்டு கிளம்பியிருக்க வேண்டியவன். வேறு சமயமாக இருந்தால் அந்த நிமிஷமே கிளம்பியிருப்பான். ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. இன்னும் ஆறு மாதம். பல்லைக் கடித்துக்கொண்டு வெட்டினான், வெட்டியதை உடைத்தான். ஒவ்வொரு கட்டையிலும் நுனி உளியை வைத்துத் தட்டும்போது தன் குழந்தையின் கையைக் கிள்ளுவதுபோல் இருந்தது அவனுக்கு. கொடுமை என்னவென்றால் அதையும் அவன் நன்றாகச் செய்தான். எது தானாக உடைந்தது, எது அவன் உடைத்தது என்று பாவாடைக்கே தெரியவில்லை.

ஆயுத பூஜை அன்றைக்கு அங்கமுத்து மிஷினுக்குச் சந்தனம் பூசி, ஒரு தாம்பாளத்தில் அந்த எழுத்துகளை அடுக்கி, நடுவில் ஸ்ரீ வெட்டிய கட்டையை நிறுத்திக் குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டினார். அந்த ஸ்ரீயின் சுழி பாதிக்குமேல் பெயர்ந்து போயிருந்தது. எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். வைரக்கண்ணுவுக்குக் கை எழவில்லை. வெளியே போய் நின்றுகொண்டான். சுண்டல் கொடுத்தார்கள், வாயில் போட முடியவில்லை.

அதற்குப் பிறகு பிறாண்டல் திரும்பி வந்துவிட்டது. முன்னைவிட மோசமாக. மத்தியானம் கஞ்சி குடித்ததும் ரயிலடி வரைக்கும் வேகமாக நடப்பான். வண்டி வந்து போவதைப் பார்ப்பான். திரும்பி வருவான். சாயங்காலம் மறுபடி போவான். ஒரு நாளைக்கு நாலு தடவை போன நாளும் உண்டு. ஸ்டேஷன் போர்ட்டர், "என்ன ஆசாரி, யாராச்சும் வராங்களா?" என்று கேட்டுக் கேட்டு அலுத்துப்போனான். யாரும் வரவில்லை. போகாமல் இருப்பதற்குத்தான் இவன் இத்தனை நடை நடந்தான்.

கார்த்திகை, மார்கழி, தை. தள்ளிவிட்டான். எப்படித் தள்ளினான் என்று அவனுக்கே தெரியாது.

மாசியில், மகத்துக்கு முதல் நாள், கீழப்பழுவூரிலிருந்து கடலை மூட்டை ஏற்றிவந்த அமாவாசை என்ற வண்டிக்காரன் அச்சுக்கூடத்து வாசலில் வண்டியை நிறுத்தினான்.

"ஆசாரி, ஒம் பொண்ணுக்கு நாலு நாளா காய்ச்சலு. கண்ணே தொறக்கலன்னு ஊருல பேசிக்கறாங்க. ஒங்கிட்ட யாரும் சொல்லல போலருக்கே."

வைரக்கண்ணு வாசலுக்கும் பின்கட்டுக்குமாக நடந்தான். ஓடிப்போய்ப் பார்க்கலாமா? அந்தப் பக்கம் வரக்கூடாது என்பது பேச்சு. இன்னும் ஒன்றரை மாதம் இருக்கிறது. இப்போது போய் நின்றால், இதோ கிளம்பி வந்துவிட்டான் பார் என்பான் மச்சான். போகாமல் இருந்து குழந்தைக்கு ஒன்று ஆகிவிட்டால்? அப்போதுதான் அந்தத் தாம்பாளம் கண்முன் வந்தது. பின்னப்பட்டதை வைத்துக் கும்பிட்ட இடத்திலேயே படுத்து, அதே இடத்தில் கஞ்சி குடித்து வாழ்கிறவன் அவன். உடைத்தவனும் அவன். வேறு யார் வீட்டுக் குழந்தையைப் போய்ப் பிடிக்கும்?

இதைப் பாவாடையிடம் சொல்லியிருந்தால் ஒரு தம்ளர் தண்ணீர் கொடுத்து உட்காரவைத்திருப்பான். வைரக்கண்ணு எதையும் சொல்லிச் செய்கிற ஆளா?

மறுநாள் மாசி மகம். ஊர் ஊராகச் சாமிகள் தீர்த்தவாரிக்குக் கிளம்புகிற நாள். அதைவிட நல்ல நாள் இதற்குக் கிடைக்குமா? விடிந்தும் விடியாததுமாக நூற்றுப் பதினேழு கட்டைகளையும் வேட்டியில் மூட்டை கட்டிக்கொண்டு ஏரிக்குப் போனான். இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, ஒவ்வொன்றாக எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு விட்டான். "தாயே, தெரிஞ்சே ஒடைச்சேன். எம் பொண்ண வுட்டுடு" என்றான். அழுதுகொண்டேதான் சொன்னான். கண்ணை மூடி மூன்று முழுக்குப் போட்டான். எழுந்து கண்ணைத் திறந்தால், நூற்றுப் பதினேழும் அவனைச் சுற்றி மிதந்துகொண்டிருந்தன.

மாவிலங்கை மிதக்காமல் என்ன செய்யும்? எந்த மரம் தண்ணீரில் எப்படி நிற்கும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லக்கூடியவன், மூட்டையில் ஒரு கல்லை வைத்துக் கட்ட மறந்துபோனான். கையால் அமுக்கினான். அமுக்கிய இடத்தில் ஒன்று போனால் பக்கத்தில் இரண்டு எழும்பியது. காற்று வேறு சேர்ந்துகொண்டு எல்லாவற்றையும் படித்துறைப் பக்கம் தள்ளிக்கொண்டு போனது.

அதற்குள் மகத்து முழுக்குக்குச் சனம் வந்துவிட்டது. ரத்தினம்மாள் என்ற ஓர் அம்மாள் மார்பளவு தண்ணீரில் நின்று கும்பிட்டுக்கொண்டிருந்தபோது அவள் கைக்குள்ளேயே ஒரு கட்டை வந்து சேர்ந்தது. எழுத்து என்று தெரிந்ததும், மகத்து அன்றைக்குக் கலைமகளே தேடி வந்தாள் என்று கண்ணில் ஒற்றி மடியில் கட்டிக்கொண்டாள். அதைப் பார்த்து ஆளாளுக்குப் பொறுக்க ஆரம்பித்தார்கள். எதை ஒழித்துக்கட்ட இவன் இத்தனை பாடுபட்டானோ அது பத்து முப்பது வீட்டுப் பூஜை மாடத்துக்குக் குடிபோனது. "அதத் தொடாதீங்க, மூளி அது, ஆகாது" என்று வைரக்கண்ணு தண்ணீருக்குள் நின்று சொன்னதை ஒருத்தரும் கேட்கவில்லை.

கடைசியாக அங்கமுத்துவும் முழுக வந்தார். முங்கி எழுந்தார். அவர் தோளில் ஏதோ இடித்தது. எடுத்துப் பார்த்தார். பாதிச் சுழி பெயர்ந்த ஸ்ரீ.

கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பங்குனி உத்தரத்து நோட்டீசு ஆயிரம்" என்றார் பிறகு. "நாளைக்கி பூமாலை வந்து நிப்பான். ஏன்யா செஞ்ச? நான் ஒனக்கு என்னய்யா கொற வச்சேன்?"

"பொண்ணுக்குக் காய்ச்சலு மொதலாளி."

"காய்ச்சலுக்கு எதுக்குய்யா என் எழுத்த ஏரியில போட்ட?"

வைரக்கண்ணு மறுபடி தண்ணீரில் இறங்கினான். அன்று பொழுது சாயும்வரை தண்ணீரிலும் கோரையிலும் தேடி எண்பத்து நான்கைப் பொறுக்கிக் கொண்டுவந்தான். விடிய விடிய அடுப்புச் சூட்டில் காயவைத்தான். மறுநாள் காலையில் பாவாடை அவற்றை இரும்புச் சட்டத்தில் கோத்துப் பார்த்தான். தண்ணீர் குடித்த மரம் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக உப்பியிருந்தது. ஒன்று மேலே நின்றது, ஒன்று கீழே நின்றது. அழுத்தினால் பாதி எழுத்து காகிதத்தைக் கிழித்தது, பாதி எழுத்து படவே இல்லை. பாவாடை உதட்டைப் பிதுக்கிவிட்டு முதலாளியைப் பார்த்தான்.

அங்கமுத்து வைரக்கண்ணுவின் உளிப் பையை எடுத்து அவனிடமே நீட்டினார். "போய்ட்டு வா ஆசாரி" என்றார்.

பத்தரை மாதம். ஒன்றரை மாதம்தான் பாக்கி இருந்தது. கால் தானாக ரயிலடிக்குப் போனது. திருச்சி போகிற பாசஞ்சர் நின்றுகொண்டிருந்தது. ஏறிவிட்டால் முடிந்தது. இந்த முகத்தை எடுத்துக்கொண்டு யார் முன்னாலும் நிற்க வேண்டாம். மச்சான் கேட்கிறபோது கேட்டுக்கொள்ளட்டும், நான்தான் அப்பவே சொன்னேனே என்று சொல்லிக்கொள்ளட்டும். படியில் ஒரு காலை வைத்தும் விட்டான். ஆனால் குழந்தைக்குக் காய்ச்சல் விட்டதா இல்லையா என்று தெரியாமல் எப்படிப் போவது? இன்னொரு கால் தரையை விட்டு எழவே இல்லை. வண்டி ஊதியது. அவன் இறங்கிக்கொண்டான். உளிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கீழப்பழுவூர் ரோட்டில் நடந்தான். ஏழெட்டு மைல், நடுவில் எங்கும் உட்காரவில்லை.

உச்சி வெயிலில் போய்ச் சேர்ந்தபோது, சிந்தாமணி வண்டிப் பட்டறையில் மரச்சீவலுக்கு நடுவில் உட்கார்ந்து பொரி தின்றுகொண்டிருந்தாள். கன்னம் கொஞ்சம் ஒட்டியிருந்தது. மற்றபடி ஒரு குறையும் இல்லை. அவனை ஏறிட்டுப் பார்த்துவிட்டு மறுபடி பொரியில் கையை விட்டாள்.

"காய்ச்சலு?" என்றான் வைரக்கண்ணு.

இளையபெருமாள் மரம் செதுக்கிக்கொண்டிருந்த வாய்ச்சியைக் கீழே வைத்தான். "மகத்துக்கு மொத நாளே வுட்டுப்போச்சு. ஒங்களுக்கு ஆரு சொன்னா? வேலைக்குப் போவலயா இன்னிக்கி?"

முதல் நாளே. அமாவாசை வண்டியை நிறுத்திச் சொல்லிக்கொண்டிருந்த நேரத்திலேயே இங்கே காய்ச்சல் விட்டிருக்கிறது. வைரக்கண்ணு அப்படியே சீவல்மேல் உட்கார்ந்துவிட்டான். உட்கார்ந்தவன் எல்லாவற்றையும் சொன்னான். எழுத்து வெட்டியதை, உடைத்ததை, தாம்பாளத்தை, ஏரியை, மிதந்ததை, வேலை போனதை. ரயில் படியில் கால் வைத்ததைக்கூட மறைக்கவில்லை. இவ்வளவு பேச்சு அவன் யாரிடமும் பேசியதில்லை.

இளையபெருமாள் முடிவுவரை கேட்டான். "நான் ஒண்ணும் புதுசா சொல்றதுக்கில்ல மாப்ள. பேசினது ஒரு வருசம். வருசம் முடியல. சாப்ட்டுட்டுக் கெளம்புங்க."

உண்ணாமலை எப்போது வந்து நின்றாள் என்று இருவரும் பார்க்கவில்லை.

"மொதத் தடவ நீங்க காணாமப் போனப்ப," என்றாள், "அரும்பாவூர் ஏரியில ஆள எறக்கித் தேடச் சொன்னேன். மூணு நாளு வலை போட்டுத் தேடினாங்க. நான் கரையிலயே குந்தியிருந்தேன். நீங்க கோயம்புத்தூர்ல மில்லுல இருந்தீங்க. இத ஒங்ககிட்ட ஆரும் சொல்லக்கூடாதுன்னு நான்தான் எல்லாரையும் கும்புட்டுக் கேட்டுக்கிட்டேன்."

இத்தனை வருஷம் அவன் கிளம்பிய ஒவ்வொரு காலையும், தான் நடந்த ரோடு மட்டும்தான் அவனுக்குத் தெரியும். அதற்குப் பின்னால் ஒருத்தி ஏரிக்கரையில் உட்கார்ந்திருந்தது தெரியாது. நிமிர்ந்து அவளைப் பார்க்க அவனால் முடியவில்லை.

"ஒரு வருசம் கேட்டது அண்ணன்" என்றாள் அவள். "நான் கேக்கல. வேல போச்சுன்னா போவட்டும். போச்சுன்னு வந்து சொன்னீங்க பாருங்க, அது போதும் எனக்கு."

"இனிமே போவவே மாட்டேன்னு என்னால சொல்ல முடியல, உண்ணாமல" என்றான் அவன். அந்த நேரத்தில்கூடப் பொய் சொல்ல வரவில்லை பாருங்கள்.

"போங்க. சொல்லிட்டுப் போங்க."

உள்ளே போய் இரண்டு புடவையையும் குழந்தையின் துணியையும் மூட்டையாகக் கட்டிக்கொண்டு வந்தாள். இளையபெருமாள், "எங்கம்மா போற? இருக்கறதுக்கு ஒரு எடம்கூட இல்ல இவருக்கு" என்றான். "எடம் பாத்துக்கலாம்ண்ணா" என்று சொல்லிவிட்டுச் செருப்பில்லாத காலோடு வெயிலில் இறங்கினாள்.

வைரக்கண்ணு குழந்தையைத் தூக்கினான். அறியாத ஆள் தூக்கியதும் அது வீறிட்டு அழுதது. முதுகை வில்லாக வளைத்துக்கொண்டு, அவன் முகத்தில் அடித்து, அம்மாவிடம் தாவப் பார்த்தது. உண்ணாமலை கையை நீட்டவில்லை, மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். ரோட்டுக்கு வருகிற வரைக்கும் குழந்தை அழுதது. அவன் இறக்கிவிடவில்லை.